பேராதனையில் ஒரு பொதுப் பட்டறை

கண்டியிலிருந்து கலஹாவுக்குப் போகும் பஸ் வண்டி பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாகவே செல்கின்றது. தேயிலைத் தோட்டத்து இளைஞன் ஒருவன் அவ்வண்டியின் சன்னலோரத்திலிருந்து விரிவுரை மண்டபங்களையும் மாணவர் விடுதிகளையும் காண்கின்றான். வண்டி மலையேறுகின்றது, அவனும் போய்விடுகின்றான். 1952ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகத்துக்கும், அதற்கு நூறாண்டு முன்னரே இம்மலைகளிற் குடியேற்றப்பட்ட நம் மக்களுக்கும் உள்ள உறவு இன்றும் பெரும்பாலும் இந்தச் சன்னலோர உறவாகவே இருந்துவருகின்றது. அங்கே கற்றுப் பட்டம் பெற்ற மலையகப் பிள்ளைகள் உளர். அவர்களால் நாம் பெருமையடைகின்றோம். ஆனால் நாம் இங்கே பேசப்போவது பட்டத்தைப் பற்றியன்று; கையும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலையைப் பற்றி.

உலகின் பல நகரங்களிலே ‘ஹக்கர்ஸ்பேஸ்’ என்ற பெயரில் பொதுப் பட்டறைகள் நடைபெறுகின்றன. ஹக்கர் என்றதும் வங்கிக் கணக்கை உடைக்கும் கள்வனே நம்மவர் நினைவுக்கு வருவான். அச்சொல் பிறந்த இடம் வேறு. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், 1950களின் பிற்பகுதியிலே, விளையாட்டு இரயில் வண்டிகளுக்கு மின்சுற்று அமைத்துக்கொண்டிருந்த மாணவர் கழகத்தாரிடையே அது வழங்கிற்று. ஒரு பொறியைத் திறந்து பார்த்து, அதன் போக்கை அறிந்து, புதுவகையாக இயக்கிக் காட்டுபவனுக்கே அவர்கள் அப்பெயரைச் சூட்டினர். இத்தகையோர் கூடுமிடமே நாம் சொல்லும் பட்டறை. கருவிகள் பொது, வாடகையைப் பங்கிட்டுக்கொள்வர், ஒருவன் செய்ததை மற்றவன் பார்த்துச் செய்யலாம். பேர்லின் நகரத்து ‘சி-பேஸ்’ 1995 முதல் இவ்வாறு நடந்துவருகின்றது. அதற்கும் முன்னர், 1975 மார்ச்சிலே, கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் மோட்டார்க் கொட்டகையிற் கூடத் தொடங்கிய கழகமொன்றிலே, ஸ்ரீவ் வொஸ்னியாக் என்பவர் தாம் வகுத்த கணனியின் சுற்றுப்படத்தைப் பிரதியெடுத்து வந்தவர்க்கெல்லாம் வழங்கினார். அப்பிள் கம்பனியின் முதற் கணனி அதுவே. கொடுத்ததனால் அவர் ஏழையாகிவிடவில்லை.

இது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு ஏன் என்பாருளர். இலங்கையின் வானொலியே இவ்வாறுதான் பிறந்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். 1921இல் தந்தித் திணைக்களத்துப் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேர்ட் ஹார்ப்பர், இந்நாட்டு ஆர்வலரையும் ஆங்கிலேயரையும் சேர்த்து வானொலிக் கழகமொன்றை அமைத்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உதிரிப் பகுதிகளைக் கொண்டு திணைக்களப் பொறியியலாளர் ஓர் ஒலிபரப்பியை ஒக்கிட்டனர். 1923இலே தந்திக் காரியாலயத்தின் சிறு அறையொன்றிலிருந்து கிராமபோன் இசை காற்றில் ஏறிற்று. 1925 டிசம்பரில் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பழைய இரும்பும் சிலரின் ஆவலுமே முதல். இந்தியாவிலோ, புனே மாவட்டத்துப் பாபல் என்ற வறண்ட கிராமத்திலே டாக்டர் கல்பாக் 1983இல் தொடங்கிய ‘விஞ்ஞான் ஆசிரமம்’ கமக்காரர் பிள்ளைகளுக்குச் செய்கையாலே கல்வி புகட்டியது. மேலே சொன்ன அதே மசசூசெற்ஸ் நிறுவகத்தார் தம் ஆக்கக்கூடங்களை அமெரிக்காவுக்கு வெளியே நிறுவ விரும்பியபோது, 2002இல் முதன்முதலாகத் தேர்ந்த இடங்களுள் பாபலும் ஒன்று. நகரத்துக்கே உரியது என்றிருந்த கருவி கிராமத்துக்குச் சென்றது.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். விளையாட்டுக்காக நாம் பட்டறை கேட்கவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிலே கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை விழுங்கியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியோடு கண்டி மாவட்டமே மண்சரிவுக் களமாயிற்று. தொலைபேசியும் மின்சாரமும் அறுந்து, பக்கத்துத் தோட்டத்தில் யார் உயிரோடிருக்கின்றார் என்று அறியாமலே நாட்கள் கழிந்தன. மண்சரிவுக்கு முன்னே மழை வருகின்றது, மழையை அளக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிரு, 100 ஆனால் வெளியேற ஆயத்தமாகு, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 கொட்டினால் உடனே வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவந்திருக்கின்றது. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கொட்டும் மழையில் யார் எழுந்து போய்க் குப்பியைப் பார்ப்பது?

பார்ப்பதற்கு ஒரு பொறி செய்யலாம். அது எவ்வளவு எளியது என்பதைச் சற்று விரித்தே சொல்வோம். 16 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு புனல். அதன் கீழே ஊஞ்சற் பலகைபோல் இருபுறமும் சாயும் இரு சிறு கிண்ணங்கள். ஒரு கிண்ணத்திலே 4 கன சென்ரிமீற்றர் நீர் நிரம்பியதும் அது சாய்ந்து கொட்டிவிடும். மறு கிண்ணம் புனலின் கீழ் வந்து நிற்கும். இவ்வளவு நீர் அந்தப் புனலுக்கு 0.2 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். ஊஞ்சலிலே ஒரு சிறு காந்தம். அருகே, காந்தம் கடக்குந்தோறும் மூடித் திறக்கும் கண்ணாடிக் குழாய் ஆளியொன்று. சாயுந்தோறும் ஒரு மின் துடிப்பு. துடிப்புக்களை எண்ணுவதற்கு ஒரு சிறு சுற்றுப்பலகை. 375 துடிப்பு என்றால் 75 மில்லிமீற்றர். லயத்தின் நடுவே மணி அடிக்கட்டும். 750 என்றால் 150 மில்லிமீற்றர். மணி ஓயாது அடிக்கட்டும். கிண்ணம் சரியாகக் கொள்கின்றதா என்று அறிய மருந்தேற்றும் ஊசிக் குழாயால் நீரை அளந்து ஊற்றிப் பார்த்தாற் போதும். பின்னர் அரசாங்கத்தின் மழைமானியொன்றுக்கு அருகே சில வாரம் வைத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் உயிரை அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது. எண்ணும் பலகைக்கும் நாம் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிலே தோன்றிய ‘ஆர்டுயினோ’ பலகையின் வரைபடம் எவரும் எடுத்துச் செய்யும்படி வெளியிடப்பட்டது. அதன் வழிவந்த பலகைகள் இன்று கொழும்புக் கடைகளிலும் கிடைக்கின்றன.

மணி அடித்தால் ஓடிப்போக இடமும், நிலத்தோடு கூடிய பாதுகாப்பான வீடும் எங்கே என்று வாசகர் கேட்பர். நியாயமான கேள்வி. மழைமானி காணிக்கு ஈடாகாது. மீரியபெத்தைக்கும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது, போக்கிடந்தான் இருக்கவில்லை. காணியுரிமைக் கோரிக்கையை ஒரு பெட்டியாற் சமாளித்துவிடலாம் என்று எந்த அமைச்சராவது எண்ணுவாராயின் அதை முதலில் எதிர்ப்பவர் நாமாகவே இருப்போம். எனினும் அக்கோரிக்கை நிறைவேறும்வரை நம் மக்கள் அந்தச் சரிவுகளிலேதான் உறங்குகின்றார்கள்.

இதிலே நம்மை வருத்துவது ஒன்றுண்டு. மண்ணைப் பற்றிய உலகத்தரமான அறிவு பேராதனையில் இருந்தது. களிமண்ணின் தன்மை குறித்து 1963இலே கேம்பிரிட்ஜ் அறிஞர் றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய பேராசிரியர் அழகையா துரைராஜா இப்பொறியியற் பீடத்திலே கற்பித்தவர், பீடாதிபதியாகவும் இருந்தவர், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி 1994இல் மறைந்தவர். அவர் வழிவந்த அறிவு இன்றும் அங்கே உண்டு. இலத்திரனியல் அறிந்தவரும் கணனி அறிந்தவரும் உளர். ஆற்றுக்கு அப்பால் கன்னொறுவையிலே விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. சில மைல் சுற்றளவுக்குள் இவ்வளவும் கூடியிருக்க, புசல்லாவையில் மரக்கறி செய்யும் கமக்காரர் தம் நீரிறைக்கும் மோட்டார் வறண்டோடி எரியாமல் தானே நின்றுவிட ஓர் ஆளி வேண்டுமென்றால் யாரிடம் போவது? இறுதியாண்டு மாணவன் ஒருவன் அதே ஆளியைத் தன் செயற்றிட்டமாகச் செய்து, புள்ளி பெற்று, அலுமாரியில் வைத்துவிட்டுப் போயிருப்பான். இருவரும் சந்திப்பதற்கு ஓர் இடம் இல்லை.

அந்த இடம் வாயிற் காவலுக்கு வெளியே அமைய வேண்டும் என்பது நம் கருத்து. வளாகத்துக்குள்ளே அமைந்தால் அது நாளடைவில் மாணவர் சங்கமாகிவிடும். தோட்டத்து இளைஞன் மீண்டும் சன்னலோரத்துக்கே போவான். கலஹாச் சந்தியை அண்டி, பஸ் நிற்குமிடத்துக்கு அருகே, இரண்டு அறை போதும். நான்கு மேசை, பற்றாசுக் கோல்கள், மின்னளவி, ஒரு பழைய அலைவுகாட்டி, உடைந்த வானொலியும் தொலைக்காட்சியும் குவிந்த ஒரு மூலை. தொடக்கத்தில் 12 வோல்ற்றுக்கு மேற்பட்ட வேலை எதுவும் வேண்டாம். வானலை பரப்பும் கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைப் பெற்றே செய்ய வேண்டும். 2004 ஆழிப்பேரலையின்போது தொலைபேசி செத்துக்கிடந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி எட்டச் செய்தவர்கள் முறைப்படி அனுமதி பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளரே.

மொழி பற்றியும் சொல்லவேண்டும். அங்கே செய்யப்படும் ஒவ்வொரு பொருளின் சுற்றுப்படமும் செய்முறையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பெற்று, எவரும் பிரதியெடுக்கும்படி சுவரிலே தொங்க வேண்டும். தமிழில் முடியுமா என்று ஐயுறுவோர், மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டாக்டர் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்ததை எண்ணிப் பார்க்கட்டும். இலத்திரனும் தடையும் கொள்ளளவமும் நம் பாடசாலைப் புத்தகங்களிலே பல்லாண்டாக வழங்கிவரும் சொற்களே. பரீட்சைக்கு எழுதிய அச்சொற்களைக் கொண்டு ஒரு பொறி செய்யும் வழியை எழுதியவர்தாம் மிகச் சிலர். சிங்கள இளைஞரும் அங்கே வருவர், வரவேண்டும். மண்சரிவு மொழி பார்த்து வருவதில்லை என்பதைக் கண்டி மாவட்டம் அறியும்.

கருவிகள் களவு போகும் என்பார்கள். சில போகத்தான் போகும். நூல்நிலையங்களிலும் புத்தகம் போகின்றது.

கண்டியிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்க்கும் தமிழ்ப் பொறியியலாளரிடமும் விஞ்ஞான ஆசிரியரிடமும் நாம் பெரும் நன்கொடை கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலும், வீட்டு மேசையறையில் தூங்கும் பழைய கருவியொன்றும் கேட்கின்றோம். கமக்காரரிடம் கேட்பது அதனினும் மதிப்புள்ளது: எது பழுதாகின்றது, எந்த மாதத்தில், எந்த நேரத்தில் என்ற விவரம். ஒக்டோபர் மழைக்கு முன்னர் முதல் மழைமானி கலஹாத் தோட்டத்து லயமொன்றின் கூரையிலே ஏறவேண்டும். ஆதலால் சித்திரைக்குள்ளாவது இடம் பார்த்தாக வேண்டும். பட்டறைக்கு இரண்டு சாவி செய்வோம். ஒன்று பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவரிடமும், மற்றது தோட்டத்தைச் சேர்ந்த ஒருவரிடமும் இருக்கட்டும்.