பாவும் ஊடையும் கணினியும்

தன்னாமுனை வழியே செல்லும் திருகோணமலை வீதியிலே, பொழுது புலருமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துகள் விரைவதைக் காண்கின்றேன். அவற்றுள் அமர்ந்திருப்போரிற் சிலர் என்னிடந் தமிழ் பயின்றவர். நூல் என்னும் பெயர்க்குப் பஞ்சையும் இழையையும் உவமையாக்கிய நன்னூற் பாயிரத்தைச் சென்ற ஆண்டு விளக்கியபோது, பாவு எது, ஊடை எது என மாணாக்கரை வினவினேன். ஒருவரும் விடையிறுத்திலர். மருதமுனைத் தறிகள் ஒரு காலைப் பயணத் தொலைவில் இருக்கும் நாட்டிலே நிகழ்ந்தது இது.

கணினிக்குத் தாய்வீடு தறி என்றாற் பலர் நகைப்பர். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜக்காட் என்பார் 1804 அளவில் அமைத்த தறியிலே துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். துளையுள்ள இடத்திற் கொக்கி பாவிழையை உயர்த்தும். துளையில்லாத இடத்தில் இழை தாழ்ந்தே கிடக்கும். ஊடை அவற்றினூடே ஓடப் பூ மலரும். உண்டு, இல்லை என்னும் இரண்டன்றி அவ்வட்டைக்கு வேறு மொழி தெரியாது. இன்றைய கணினிக்கும் அடிப்படை அவ்வளவே. ஏறத்தாழ 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்த ஜக்காட்டின் உருவப்படம் ஒன்றைக் கணித அறிஞர் பாபேஜ் போற்றி வைத்திருந்தார். தாம் வகுத்த கணிப்புப் பொறிக்கும் அத்தகைய அட்டைகளையே கருதினார். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசனமதிப்பும் துளையட்டைகளாலேயே எண்ணப்பட்டது.

பெற்ற வீட்டுக்குப் பிள்ளை இப்போது திரும்பி வந்திருக்கின்றது. சதுரக் கோட்டுத் தாளிற் கட்டங்கட்டமாகப் பூ வரைந்து, அட்டை அட்டையாகத் துளையிட்ட காஞ்சிபுரத்திலே, கணினித் திரையில் வரைந்த கோலத்தை மின்னணு ஜக்காட் நேரே தறிக்கு உரைக்கின்றது. பிழை நேரின் அட்டையைக் கிழிக்க வேண்டுவதில்லை. நாடாவை எறியும் கை மட்டும் நெசவாளர் கையாகவே இருத்தல் கூடும்.

ஆடைத் தொழிற்சாலையிலும் இஃதே கதை. அளவுகளைப் பெருக்கிச் சுருக்குவதும், துணி வீணாகாவண்ணம் துண்டுகளை நெருக்கி அடுக்குவதும் கணினியின் வேலையாயின, வெட்டுவதும் இயந்திரமே. மாதிரி ஆடையைத் தையாமலே திரையில் உடுத்திக் காட்டுகின்றனர். ஆயினும் துவளுந் துணியைப் பிடித்துத் தைப்பது இயந்திரத்துக்கு இன்னும் அரிதாகவே உள்ளது. ஆகவே தைக்கும் இருக்கையில் எம் ஊர்ப் பெண். வரையும் மேசையில் வேறெவரோ. இலக்கமுறைத் தொழினுட்பம் வேலையைப் பறிக்கும் என அஞ்சுவோர் அஞ்சுக. எனக்கு உறுத்துவது இந்த இருக்கைப் பங்கீடே.

யூபிலி நினைவாகக் கணினிகள் வழங்க விழையும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெட்டிகளை அடுக்கிப் பூட்டிவிடும் அறை வேண்டா. (பூட்டிய அறைகள் நாம் காணாதன அல்ல.) சித்திர ஆசிரியரும் கணித ஆசிரியரும் கைத்தறி நெசவாளர் ஒருவரும் கூடிக் கோலம் அமைக்கக் கற்பிக்கும் சனிக்கிழமை வகுப்பொன்று வேண்டும், நெசவாளர்க்கு ஆசிரியர்க்குரிய ஊதியமும் வேண்டும். அது தொழிற் கல்லூரியின் வேலையன்றோ என்றார் நண்பர் ஒருவர். யாழ் நரம்பின் நீளத்தைக் கணக்கிட்டுப் பழந்தமிழிசையை ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணிலே, கலையையும் கணக்கையும் இரு கூரையின்கீழ்ப் பிரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழாசிரியனுக்கும் அவ்வகுப்பிற் பணியுண்டு. தறியின் உறுப்புக்களுக்கு நெசவாளர் வழங்கும் பெயர்களை அவர்தம் வாயாற் கேட்டு எழுதித் தருவேன். அடுத்த தவணையே தொடங்க நான் ஆயத்தம்.