மாநாட்டுக்குப் போறதும் ஊர் சுத்துறதும்

"மாநாடு எண்டு சொல்லிப்போட்டு ஊர் சுத்தத்தானே போறியள்?"

கலைப்பீடத்தில் யாருக்காவது வெளிநாட்டு மாநாடு ஒன்றில் கட்டுரை வாசிக்க இடம் கிடைத்தால், வாழ்த்துக்கு அடுத்ததாக வந்து விழுகிற வசனம் இதுதான். வீட்டில் சொல்லுவினம், பக்கத்து வீட்டில் சொல்லுவினம், எங்கட பட்ச்சில் இருக்கிற ஆக்களும் சொல்லுவினம். பகிடியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பகிடிக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. மண்டபத்துக்குள் இருந்தால் வேலை, வெளியில் காலெடுத்து வைத்தால் களவு.

இந்தத் தீர்ப்போடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. மாநாட்டுப் பயணத்தில் மண்டபத்துக்கு வெளியே போகிற நேரமும் வேலையின் பாதி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அதே நேரம், அந்தப் பாதியை வேலையாகச் செய்தால்தான் அப்படிச் சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை வரும் என்றும் நினைக்கிறோம். இரண்டையும் சேர்த்தே கதைக்க வேண்டும்.

முதலில், இது ஏன் இப்ப கதைக்க வேண்டிய விசயம்? 2019 ஒக்ரோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்றுபோன சென்னைப் பறப்பு 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் விட்டார்கள், இடையில் நின்று 2024 ஓகஸ்டில் திரும்பவும் ஓடியது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய்ச் சேருகிற நேரத்தை விட, பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்குகிற நேரம் குறைவு. ஆக, எங்கட வயதுக்காரருக்கு வெளிநாட்டு மாநாடு என்பது எட்டாத விசயமாக இல்லை.

ஆனால் லேசான விசயமும் இல்லை. 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் ஏறினதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பதிவுக் கட்டணம், விசா, ரிக்கெற், தங்கிற செலவு என்று கூட்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் அம்மா கட்டின சீட்டுக்காசு, அல்லது வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா அனுப்பின காசு. பலருக்கு இது படிக்கிற காலத்தில் ஒரேயொரு பயணமாகவும் இருக்கலாம். அந்த நாலைந்து நாளை எப்படிச் செலவழிக்கிறோம் என்ற கேள்வி அதனால்தான் பாரமாக இருக்கிறது.

மண்டபத்துக்கு வெளியே என்ன நடக்கும் என்று கேட்கிற ஆக்களுக்கு ஒரு பழைய கதை இருக்கு.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர்களின் 26ஆவது சர்வதேச மாநாடு நடந்தது. எகிப்து, சீனம், சமஸ்கிருதம் என்று எத்தனையோ துறை ஆட்கள் வந்த பெரிய கூட்டம். அதில் தமிழுக்குக் கிடைத்தது ஒரு மூலை. அங்கே வந்திருந்த தமிழ் ஆய்வாளர்களைத் தனிநாயகம் அடிகளும் வ.அய். சுப்பிரமணியமும் நிகழ்ச்சிநிரலுக்கு வெளியே தனியாகக் கூட்டினார்கள். ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம். பிரான்ஸ் நாட்டு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவர், அடிகளும் செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் செயலாளர்கள். இரண்டு வருசத்தில், 1966 ஏப்ரலில், கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு. பிறகு 1968 சென்னை, 1970 பாரிஸ், 1974 யாழ்ப்பாணம்.

அண்டைக்கு எல்லாரும் தங்கட தங்கட கட்டுரையை வாசிச்சுப்போட்டு அறைக்குப் போயிருந்தால் இந்த வரிசை தொடங்கியிருக்குமா? எங்களுக்குச் சந்தேகம்தான். ஒரு மாநாட்டின் ஓரத்தில் இருந்துதான் இன்னொரு மாநாடு முளைத்தது.

அடிகளின் பயணங்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அவர் நிறைய நாடு சுற்றினவர், 'ஒன்றே உலகம்' என்று பயணநூலும் எழுதினவர். 1950களில் ஐரோப்பாவில் திரிந்த நேரத்தில் லிஸ்பனிலும் வத்திக்கானிலும் நூலகங்களுக்குள் புகுந்தார். 1554இல் லிஸ்பனில் அச்சான, தமிழை ரோமன் எழுத்தில் போட்ட சிறு சமயநூலைப் பற்றி எழுதினார். என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் எழுதி 1586இல் அச்சான 'அடியார் வரலாறு' நூலின் பிரதியை வத்திக்கானில் கண்டார். அங்கே இருந்த 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். வத்திக்கானுக்குப் போனால் எல்லாரும் கோபுரம் பார்க்கலாம், படம் எடுக்கலாம். அவர் கோபுரம் பார்க்கவில்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. பார்த்திருப்பார். பார்த்துவிட்டு நூலகத்துக்கும் போனார், அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனால் எங்கட நாவலர் இருக்கிறார். 1849இல் ஆறுமுக நாவலர் தமிழ்நாட்டுக்குப் போனது அச்சியந்திரம் வாங்க. வந்த வேலை அது. வாங்கின கையோடு அவர் கப்பல் ஏறவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தில் போய்ப் பிரசங்கம் செய்தார், 'நாவலர்' என்ற பட்டம் அங்கேதான் கிடைத்தது. சென்னையில் நின்று நூல் பதிப்பிச்சார். பிறகுதான் இயந்திரத்தோடு வண்ணார்பண்ணைக்கு வந்தார். இன்றைக்கு நாங்கள் அவரைக் கூப்பிடுகிற பெயரே, அந்தப் பயணத்தின் 'வேலை இல்லாத' பகுதியில் கிடைத்த பெயர்.

சரி, இதை வைத்துக்கொண்டு "நாங்களும் நாவலர் மாதிரித்தான்" என்று சொல்லித் தி. நகருக்குள் இறங்கலாமா? அங்கேதான் எங்கட பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கட்டுரை வாசிக்கிறதுக்குப் பத்து நிமிசம் முதல் மண்டபத்துக்குள் வாறது, வாசிச்சு முடிய சான்றிதழையும் பையையும் வாங்கிக்கொண்டு ஓடுறது. எங்களுக்குப் பிறகு வாசிக்கிற பிள்ளைக்கு முன்னால் வெறும் கதிரைகள். இதைச் செய்கிற ஆக்கள் மாணவர்கள் மட்டுமில்லை, மூத்த ஆட்களும் செய்கினம். சேலை வாங்குவது குற்றமில்லை. அக்காவின் கலியாணத்துக்குச் சென்னையில் சேலை எடுத்தால் மிச்சம்தான். ஆனால் நாங்கள் பேசும்போது மற்றவர்கள் இருந்து கேட்க வேண்டும், அவர்கள் பேசும்போது நாங்கள் கடையில் நிற்போம் என்றால் அது நியாயமில்லை. அந்தப் பகிடிக்கு உயிர் கொடுக்கிறதே நாங்கள்தான் என்று ஆகிவிடும்.

அடுத்தது ஆட்கள். மற்ற நாட்டு மாணவர்களுக்கு 'நண்பர்களைச் சந்திக்கிறது' ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம். எங்களுக்கு அது வேறு. யாழ்ப்பாணத்தில் பாதிக் குடும்பம் வெளியில்தான் இருக்கிறது. சென்னைக்குப் போனால் அங்கே அகதியாகப் போய்த் தங்கிவிட்ட பெரியம்மா ஒருவர் இருப்பார், ரொறன்ரோ என்றால் சித்தி, லண்டன் என்றால் மச்சான்மார். போனில் முகம் பார்த்தே வளர்ந்த ஒரு மச்சாளை முதல்தரம் நேரில் பார்க்கிற பயணமாக அது இருக்கும். அதைச் 'சொந்த வேலை' என்று ஒதுக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், போகாட்டிக் குறை சொல்லுவினம் என்று தொடங்கினால், மூன்று நாளும் தேத்தண்ணி குடிக்கிறதிலேயே முடிந்துவிடும். போக முதலே வீட்டில் இருந்து ஒரு முடிவு எடுக்க வேண்டும்: ஒரு வீட்டுக்குப் போறது, மற்ற ஆக்களை அங்கே வரச்சொல்லுறது. அம்மாவைக் கொண்டே போன் பண்ணிச் சொல்ல வைத்தால் மனவருத்தமும் குறைவு.

பெண்பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கு. பொடியன் மாநாடு முடிந்து மெரினாவில் நிற்கிற படத்தைப் போட்டால் 'லைக்' விழும். பெட்டை போட்டால் "தனிய எங்கயெல்லாம் திரியிறாள்" என்று கதை வரும். போக விடுகிற வீட்டிலும் "கூட்டம் முடிய நேரே அறைக்குப் போ, கதவைப் பூட்டு" என்றுதான் சொல்லி அனுப்புவினம். பயத்தில் சொல்கிறார்கள், விளங்குது. ஆனால் தேநீர் இடைவேளையிலும் இரவுச் சாப்பாட்டு மேசையிலும்தான் அடுத்த ஆய்வுக்கு ஆள் கிடைக்கிறது, மேற்படிப்புக்கு வழி தெரிகிறது. அந்த நேரம் முழுக்க ஒரு பகுதியினர் அறைக்குள் பூட்டியிருந்தால், ஒரே கட்டணம் கட்டிப் பாதி மாநாட்டைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். 'ஊர் சுத்துறது' என்ற சொல் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. அதை யோசிக்காமல் நேரம் பிரிக்கிறது பற்றிக் கதைக்க முடியாது.

அப்ப எப்படித்தான் பிரிக்கிறது? நாங்கள் எங்களுக்குள் கதைத்து வந்த கணக்கு இது.

மாநாட்டு நாட்கள் மாநாட்டுக்கு. எங்கட அமர்வு தவிர வேறு மூன்று அமர்வையாவது முதலே தெரிந்து வைத்து, முழுக்க இருந்து, ஒரு கேள்வியாவது கேட்கிறது. கட்டுரை வாசிக்கிற நாளில் சொந்தக்காரர் வீடும் இல்லை, கடையும் இல்லை. ஊர் பார்க்க ஆசை என்றால் மாநாட்டு நாளில் இருந்து வெட்டாமல், முடிந்த பிறகு ஒரு நாள் கூட நிற்கிறது. யாராவது பணம் தந்து அனுப்பினால், அந்த மேலதிக நாளின் செலவு எங்கட கையால். இந்தியாவில் மாநாட்டு விசா வேறு, சுற்றுலா விசா வேறு. எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் முதலே கேட்டுவிட்டால் பிறகு தலையிடி இல்லை.

அந்த மேலதிக நாளில் காலை நேரத்தை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்லுவோம். சென்னை என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகம். கன்னிமாராவுக்குப் பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகம், சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் அங்கேதான் இருக்கு. நூலகமும் பார்த்தாச்சு, ஊரும் பார்த்தாச்சு. 1981இல் எங்கட நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போனதாகச் சொல்லுவார்கள். அந்த ஊரில் இருந்து போகிற ஒரு பிள்ளை வேறொரு ஊரின் நூலகத்துக்குள் நின்று, யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு பழைய புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதை ஊர் சுத்துறது என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

பின்நேரம் நண்பர்களோடு கடற்கரைக்கும் போகலாம். சும்மா நடக்கலாம், ஒன்றும் 'பயன்' இல்லாமலே இருக்கலாம். எல்லா நிமிசத்தையும் கணக்குக் காட்டினால்தான் ஒரு மாணவருக்கு வெளியில் போக உரிமை உண்டு என்ற எண்ணத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. களைச்சுப்போன மூளைக்குக் காற்று வேணும்.

ஆனால் திரும்பி வந்த பிறகு ஒரு கடமை மிச்சம் இருக்கிறது. ஒருவர் போய் வாற இடத்தில் பத்துப் பேர் போக முடியாமல் நிற்கினம். மாநாடு என்பது இந்த ஊர் லேசாகப் பெற்ற விசயமும் இல்லை. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழ் மாநாட்டைக் கொழும்பில் வை என்ற அழுத்தத்துக்கு நடுவில்தான் இங்கே நடத்தினார்கள். ஆய்வரங்குகள் முடிந்த பிறகு, ஜனவரி 10 அன்று வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் பொதுக்கூட்டம். ஆய்வரங்குக்குள் போக முடியாத சாதாரண சனம், வந்த அறிஞர்கள் பேசுவதைக் கேட்கத்தான் அங்கே கூடியது. பொலிஸ் அதற்குள் புகுந்தது, உயிர்கள் போயின. முற்றவெளிப் பக்கம் போகிற நேரம் அந்த நினைவுத்தூண்களைக் கடந்துதான் நாங்கள் போகிறோம்.

மண்டபத்துக்குள்ளே கதைத்ததை வெளியில் நிற்கிற எங்களுக்கும் சொல்லுங்கோ என்றுதான் அந்தச் சனம் வந்து நின்றது. அந்தக் கேள்வி எங்களிடமும் இருக்கிறது. அதனால் எங்கட பீடத்திடம் ஒன்று கேட்கிறோம்: மாநாட்டுக்குப் போய் வாற ஒவ்வொருவரும், மாணவரோ விரிவுரையாளரோ, வந்து ஒரு மாதத்துக்குள் ஒரு மணித்தியாலம் எல்லாருக்கும் முன்னால் கதைக்க வேண்டும். என்ன கேட்டார்கள், யாரைச் சந்தித்தார்கள், எந்த நூலகத்தில் என்ன இருக்கிறது, அடுத்த முறை யாரிடம் விண்ணப்பிக்கலாம், எங்கே மலிவாகத் தங்கலாம். கொண்டுவந்த நகல்களை நூலகத்தில் வைக்க வேண்டும். ஊர் பார்த்த கதையையும் அதில் சொல்லட்டும், படமும் காட்டட்டும். கேட்க நாங்கள் வருவோம்.