வீட்டு வீடியோவும் கிராபிக்ஸ் கார்டும்

காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று நம் வீடுகளில் எந்த விசேஷம் நடந்தாலும் இன்று அதைப் படமெடுக்கத் தனியாக ஒருவர் வரவேண்டும் என்பதில்லை. வந்திருப்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காமிரா இருக்கிறது. விழா முடிந்த மறுநாள், நாலைந்து போன்களில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒன்றுசேர்த்து அரைமணி நேரப் படமாக்கும் பொறுப்பு, கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் தலையில் விழுகிறது. அவனும் மேசைக் கணிப்பொறியைத் திறந்துகொண்டு உட்காருகிறான். படம் நகரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. வாய் ஒரு பக்கம் அசைய, குரல் ஒரு பக்கம் கேட்கிறது. அப்போது பக்கத்தில் இருக்கும் நண்பன் சொல்வான்: “ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுடா, எல்லாம் சரியாயிடும்.”

இந்த ஒரு வரி அறிவுரையைப் பற்றித்தான் என் கருத்தை இங்கே எழுத விரும்புகிறேன். நம் கல்லூரியில் படிக்கும் பலருடைய வீடுகளில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்பது சிறிய தொகை அன்று. என் வகுப்புத் தோழர் ஒருவர் வீட்டில் இதற்காகவே அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. கார்டு வந்தது, மாட்டியும் ஆயிற்று. படம் மட்டும் முன்போலவே திக்கித் திக்கி ஓடியது. கார்டில் ஒரு பழுதும் இல்லை. நோய் வேறிடத்தில் இருந்தது, அவ்வளவுதான். வீட்டு வீடியோ எடிட்டிங்கைப் பொறுத்தவரை கிராபிக்ஸ் கார்டு கடைசியாக வாங்கவேண்டிய பொருளே தவிர, முதலில் வாங்கவேண்டிய பொருள் அன்று என்பதே என் கட்சி.

ஏன் என்பதற்குச் சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். 4கே எனப்படும் படத்தில் அகலவாட்டில் 3840 புள்ளிகளும் உயரவாட்டில் 2160 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வைத்தால், ஒரே ஒரு படத்துக்கு 25 மெகாபைட் ஆகிறது. விநாடிக்கு 30 படங்கள் என்றால் கிட்டத்தட்ட 750 மெகாபைட்! இதை இப்படியே எழுதினால் 64 ஜி.பி. மெமரி கார்டு ஒன்றரை நிமிஷத்தில் நிரம்பிவிடும். ஆனால் நம் போன் எழுதுவதோ விநாடிக்கு ஆறேழு மெகாபைட் அளவுதான். நூற்றில் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று?

தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் சுவரும் காலண்டரும் அசைவதில்லை. உதடும் கையும்தான் அசைகின்றன. எனவே போன் ஒரு முழுப்படத்தை எழுதிவிட்டு, அதன்பின் வரும் படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டே போகிறது. சில நேரம் அரை விநாடிக்கு ஒன்று, சில நேரம் ஒரு விநாடிக்கும் மேற்பட்டு ஒன்று என்றுதான் முழுப்படம் வரும். 2003இல் வந்த எச்.264 என்னும் முறையும், 2013இல் வந்த எச்.265 என்னும் முறையும் இப்படி மடித்துக் கட்டுபவையே. பின்னது இன்னும் இறுக்கமாகக் கட்டுகிறது. ஆகவே அவிழ்ப்பதும் இன்னும் கடினம்.

வெறுமனே உட்கார்ந்து பார்ப்பவனுக்கு இதில் தொல்லையில்லை. வரிசையாக அவிழ்த்துக்கொண்டே போகலாம். எடிட்டிங் செய்பவன் அப்படியா இருக்கிறான்? முன்னே தாவுகிறான், பின்னே வருகிறான், அத்தை சிரித்த அந்த ஒரு கணத்தில் நிறுத்திப் பார்க்கிறான். அந்தக் கணம் முழுப்படத்துக்குப் பின் இருபத்தைந்தாவதாக இருந்தால், இருபத்துநாலையும் அவிழ்த்த பிறகே அது கண்ணுக்குத் தெரியும். பின்னோக்கி இழுத்தால் இந்த வேலை மறுபடியும் மறுபடியும் நடக்கும். நம் கணிப்பொறி மூச்சு வாங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முப்பரிமாண விளையாட்டுகளில் மலையும் மதிலும் வரைவதற்காகக் கிராபிக்ஸ் கார்டில் அடுக்கப்பட்டிருக்கும் ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களுக்கு இங்கே அதிக வேலையில்லை.

அவிழ்க்கும் வேலையைப் பிராசஸரே செய்யலாம். அல்லது அதற்கென்றே பொறித்த தனிச் சுற்று ஒன்று செய்யலாம். இந்தச் சுற்று நம்மில் பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. இன்டெல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறைப் பிராசஸர்களிலேயே ‘குவிக் சிங்க்’ என்ற பெயரில் இதை வைத்துவிட்டது. 2015இல் வந்த ஆறாம் தலைமுறை எச்.265ஐயும், அதற்கடுத்த ஏழாம் தலைமுறை அதன் 10 பிட் வகையையும் அவிழ்க்கக் கற்றுக்கொண்டன. 2020இல் வந்த ஐபோன் 12 முதல், அந்த வரிசைப் போன்கள் எச்.டி.ஆர். என்று எடுக்கும் படங்கள் இந்த 10 பிட் வகையைச் சேர்ந்தவை. துபாய் மாமா எடுத்த வீடியோ மட்டும் ஏன் தனியாகத் திணறுகிறது என்று யோசித்தவர்கள் இதைக் கவனிக்கலாம். பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸே இராது. இந்தச் சுற்றும் இராது. சில நூறு ரூபாய் குறைகிறதென்று அந்த வகையை வாங்குகிறவர்கள், எடிட்டிங்குக்குத் தேவையான ஒன்றை முதலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யவேண்டும் என்கிறேன். காசு செலவில்லாத சோதனை. எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, திக்குகிற அந்த வீடியோவை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்பாமென்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். பிராசஸர் 100 சதவீதத்தில் தவிக்க, ஜி.பி.யு. பகுதியிலுள்ள ‘வீடியோ டிகோட்’ கோடு தரையிலேயே கிடந்தால், இருக்கிற சுற்று பயன்படவில்லை என்று பொருள். மென்பொருளின் அமைப்பில் அதை முடுக்காமல் விட்டிருக்கலாம். அந்த வகை வீடியோவை அந்தச் சுற்று அறியாமலும் இருக்கலாம். மெமரி 95 சதவீதம் என்றும் டிஸ்க் 100 சதவீதம் என்றும் காட்டினால், ரேம் போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்று அறியலாம். என் தோழர் வீட்டில் இருந்தது இந்த நோய்தான். 4 ஜி.பி. ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் வைத்துக்கொண்டு பாவம், கார்டை மாற்றினார். ஒரு நிறமாற்றமோ படச்சுத்தமோ சேர்த்தவுடன் ஜி.பி.யு.வின் ‘3டி’ கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டால் மட்டும், கார்டு போதவில்லை என்று நம்பலாம். அதுவரை நம்பவேண்டாம்.

மென்பொருள் விஷயத்திலும் ஒரு சொல். சில மென்பொருள்கள் இந்த அவிழ்க்கும் சுற்றைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை; சிலவற்றில் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் அது முழுமையாகத் திறக்கிறது. அங்கே எந்தக் கார்டைச் செருகினாலும் பலன் அரைகுறைதான்.

சரி, காசில்லாமல் என்ன செய்வது? ‘பிராக்ஸி’ என்னும் வழி இருக்கிறது. மூலப் படத்தைத் தொடாமல், அதற்குச் சிறிய அளவில், எளிதில் அவிழக்கூடிய ஒரு நகலை மென்பொருளே செய்து தரும். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலம் தானாக உள்ளே வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ், ஷாட்கட் இரண்டிலுமே இந்த வசதி உண்டு. நகல்கள் உருவாக ஓரிரு மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் செமஸ்டர் பாடத்தைப் புரட்டலாம்! அதன்பிறகு பழைய கணிப்பொறியும் தடையின்றி நகர்வதைக் கண்ணால் காணலாம். எக்ஸ்போர்ட்டையும் இரவு படுக்கப் போகும்போது போட்டுவிட்டால், மின்சாரம் போகாத பட்சத்தில், காலையில் படம் தயார். வேகம் என்பது தொழிலாகச் செய்பவருக்கு வேண்டும். ஆண்டுக்கு இரண்டு விசேஷம் தொகுக்கும் நமக்கு எதற்கு?

குரல் தள்ளிப்போகும் குறைக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. போன்கள் வெளிச்சத்துக்குத் தக்கபடி விநாடிக்கு 30 படம் என்பதைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் எடுக்கின்றன. எடிட்டிங் மென்பொருளோ எல்லாம் ஒரே சீராக இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் போதும். உதடும் குரலும் ஒன்றுசேரும். அப்படியே 1080 அளவுக்கும் குறைத்துக்கொள்ளலாம். 4கேயில் நாலில் ஒரு பங்கு புள்ளிகள்தான் அதில் உண்டு. நம் உறவினர்கள் படத்தைப் பார்க்கப்போவது வாட்ஸப்பில் என்பதை மறந்துவிட்டு 4கேக்காக மாரடிப்பது எனக்கு விளங்காத ஒன்று.

செலவு செய்தே தீரவேண்டும் என்றால் முதல் ரூபாய் ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் போகவேண்டும். 2025இன் இறுதியில் உலகெங்கும் ரேம் விலை ஏறியது இந்த யோசனைக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான். இருந்தாலும் பழைய டிடிஆர்3, டிடிஆர்4 ரேம்கள் பயன்படுத்திய நிலையில் கிடைக்கின்றன, அவை அவ்வளவு எளிதில் கெடுவதுமில்லை.

கார்டே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் கார்டை நம்பியே பிழைக்கிறது. அது ஒவ்வொரு புள்ளியையும் 32 பிட் தசமக் கணக்கில் கையாள்கிறது. புள்ளிக்கு 16 பைட் என்று போட்டால் ஒரு 4கே படம் மட்டும் 130 மெகாபைட்டைத் தாண்டும். 4 ஜி.பி. கார்டில் முப்பது படம் வைத்தாலே இடம் தீர்ந்துவிடும். இரவு விளக்கில் எடுத்த படத்தின் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்குவது, நிறத்தைக் கட்டுக்கட்டாகத் திருத்துவது ஆகியவற்றுக்குக் கார்டு வேண்டியதுதான். குறும்படம் எடுக்கும் நம் காட்சித் தொடர்பியல் நண்பர்கள் என்மீது கோபப்படவேண்டாம்.

ஆனால் எந்தக் கார்டு? இங்கேதான் மலிவைக் கண்டு பலர் மயங்குகிறார்கள். 2017இல் வந்த ஜி.டி. 1030இல் வீடியோவைக் கட்டும் சுற்றே கிடையாது. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி. இரண்டிலும் அது இல்லை. போதாக்குறைக்கு அவை நாலே நாலு பாதைகளில் மதர்போர்டுடன் பேசுகின்றன, பழைய போர்டில் அந்தப் பாதையும் பாதி வேகம்தான். உள்ளமைந்த கிராபிக்ஸை விட்டுவிட்டு இவற்றை எடிட்டிங்குக்கு வாங்குவது, இருக்கிற சைக்கிளைக் கொடுத்துவிட்டு மிதியில்லாத சைக்கிள் வாங்குவது போன்றது. மாறாக, அதே 2022இல் இன்டெல் வெளியிட்ட ஆர்க் வரிசையில் சிறிய ஏ380 கார்டுகூட ஏ.வி.1 என்ற புதிய முறையில் வீடியோவைக் கட்டும். ஆனால் அது முழுத்திறனில் ஓட ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி மதர்போர்டில் இருக்கவேண்டும், பழைய போர்டுகள் பலவற்றில் அது இல்லை.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டின் பள்ளம் ஒரு கார்டுக்குத் தரக்கூடியது 75 வாட். அதற்குமேல் வேண்டுமானால் தனிக் கம்பி செருகவேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் அந்தக் கம்பியே இருப்பதில்லை. இல்லாத கம்பிக்கு மாற்றுக் கம்பி தேடுவதைவிட, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும் நண்பர்களுக்கு: 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை இரவுபகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பழைய கார்டுக்குப் புதிய பெயர் எழுதி விற்கும் வித்தையும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்னும் சிறு மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் பல போலிகளை அது காட்டிக்கொடுத்துவிடும். ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போன்ற 2016இன் கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் புதுப்பிப்பை 2025 அக்டோபரோடு நிறுத்தி, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்று என்விடியா அறிவித்துவிட்டது. அதே மாதத்தில் விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசஸர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதுமில்லை. இத்தகைய கணிப்பொறியில் புதிய கார்டுக்குப் பணம் போடுவது பற்றி வீட்டில் இருமுறை பேசவேண்டும். விளையாட்டுக்காகத்தான் கார்டு வேண்டும் என்றால் அதையும் அப்படியே சொல்லிக் கேட்கலாம். அக்காவின் கல்யாண வீடியோவைச் சாக்காகச் சொல்லவேண்டியதில்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. “கார்டு வாங்கியபிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடும் வீடியோக்களின் கதி என்ன? போன் தண்ணீரில் விழுகிறது, திருட்டுப் போகிறது, ‘ஸ்டோரேஜ் புல்’ என்று வந்தவுடன் தம்பி எதையாவது அழிக்கிறான். பாட்டி ஒப்பாரி பாடியதும், பெரியப்பா ஊர்க்கதை சொன்னதும் அந்தத் துண்டுகளில்தான் இருக்கின்றன. அவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்கள் குரலை வெட்டி ஒட்டிக் காப்பாற்ற இன்று வீட்டில் இருக்கும் கணிப்பொறியே போதும்.

நம் கணிப்பொறி ஆய்வகத்துக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கிருக்கும் கணிப்பொறிகளில் தனிக் கார்டு ஏதும் இல்லை. வரும் முத்தமிழ் விழாவின் வீடியோவை அவற்றிலேயே, பிராக்ஸி முறையில், நாங்களே தொகுக்கத் துறைத் தலைவர் அனுமதி தரவேண்டும். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு போதும். கூடவே, கார்டு வாங்க நினைக்கும் மாணவர் எவரும் தம் திக்குகிற வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுவந்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்ட எங்கள் வகுப்பில் நாலு பேர் ஆயத்தமாக இருக்கிறோம்.