குளியலறை யாருக்காக?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டின் குளியலறையை இடித்துத் திருத்திப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அது கொல்லைப்புறத்தில் நான்கு ஓலைத் தட்டிகளாக இருந்தது. இன்றோ வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்ததோடு நில்லாமல் கூடத்தைக் காட்டிலும் பணம் விழுங்கும் அறையாகவும் ஆகிவிட்டது. இத்தனை பணத்தையும் நாம் எதற்காகக் கொட்டுகிறோம்? பளபளப்புக்காக. அது தவறு என்பதே என் கருத்து.

இதை எழுதத் தூண்டியவர் என் அப்பத்தா. எங்கள் வீட்டுக் குளியலறையின் பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் பதித்தோம். "முகம் பார்க்கலாம் சார்" என்றார் கடைக்காரர். உண்மைதான், பார்த்தோம். மூன்றாம் வாரம் அப்பத்தா அதில் வழுக்கி விழுந்தார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. ஆனால் அன்று முதல் பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையே அவர் நிறுத்திக்கொண்டார். இரவில் அந்த அறைக்குள் போக அவருக்கு அச்சம். கோடையில் நீர்க்கடுப்பு வந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான் எங்களுக்கு இது தெரிய வந்தது. ஒரே வீட்டில் இருந்தும் எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

தவறி விழுந்து உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. விழுந்து இறப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. கிழவர்கள் விழத்தான் செய்வார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? தரையைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாமல்லவா?

டைல்ஸ் என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணுகிறோம். சுவருக்கென்று செய்யப்படுவது வேறு, தரைக்கென்று செய்யப்படுவது வேறு. சுவர் டைல்ஸ் பெரும்பாலும் தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சும், மேற்பூச்சும் வழவழப்பு. அதைத் தரையில் பதிப்பது தகாது. தரை டைல்ஸிலும் வழுக்கும் தன்மையை அளந்து சொல்லும் முறை உண்டு. ஜெர்மனியில் ஒரு சோதனை செய்கிறார்கள். சரிவுப் பலகையில் டைல்ஸ் பதித்து, சோப்பு நீர் ஓடவிட்டு, வெறுங்காலோடு ஒருவரை நடக்கவிட்டு, சரிவைச் சிறிது சிறிதாக உயர்த்துகிறார்கள். 12 பாகை வரை நிலைகொள்ள முடிந்தால் 'ஏ', 18 வரை என்றால் 'பி', 24 வரை என்றால் 'சி' என்று தரம் பிரிக்கிறார்கள். நம் கடைகளில் இதைக் கேட்டால் விழிக்கிறார்கள். கேட்பார் இல்லாததால்தான் விழிக்கிறார்கள்.

நம் குளியலுக்கும் படப் புத்தகத்தில் வரும் குளியலறைக்கும் பொருத்தமே இல்லை என்பது இன்னொரு சங்கதி. அங்கே ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு. அதற்குள் நின்று குளிக்கிறார்கள். மிச்சத் தரை காய்ந்து கிடக்கிறது. நாமோ வாளியில் நீர் நிரப்பி, செம்பால் மொண்டு, நாற்புறமும் தெறிக்க ஊற்றிக் குளிப்பவர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் எண்ணெயும் சீயக்காயும் வேறு! ஆகவே நமக்கு முழுத் தரையுமே ஈரத்தரைதான். அதற்கு வேண்டியது வாட்டம். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வாட்டம் கொடுத்தால் நீர் தேங்காமல் ஓடிவிடும். டைல்ஸ் பெரிதாக இருக்க இருக்க நான்கு புறத்திலிருந்தும் வாட்டம் இறக்குவது கடினம் என்று எங்கள் கொத்தனார் சொன்னார். சின்ன டைல்ஸில் இடுக்குகள் அதிகம். காலுக்குப் பிடிப்பும் அதிகம். இடுக்கில் அழுக்குச் சேரும் என்பது மெய்யே. தேய்த்துக் கழுவலாம், முறிந்த இடுப்பெலும்பை அப்படிச் சரிசெய்ய இயலுமா?

கதவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. குளியலறைக் கதவு உள்நோக்கித் திறப்பதே வழக்கமாகிவிட்டது. உள்ளே ஒருவர் மயங்கிக் கதவோரம் விழுந்தால், அவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. பிடிமானக் கம்பியும் அப்படித்தான். ஆனால் அதை டைல்ஸ் ஒட்டிய பூச்சில் மட்டும் திருகினால் பயனில்லை. ஆள் எடை விழும்போது பெயர்ந்துவிடும். செங்கலுக்குள் ஆழமாக இறங்க வேண்டும்.

நம் பழைய கழிப்பிடமா, மேல்நாட்டுக் கோப்பையா என்ற வாதம் எல்லா வீட்டிலும் நடப்பது. குந்தி அமர்வதே உடலுக்கு நல்லது என்பார் என் தந்தை. முழங்கால் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எழுந்திருக்கக் கை தேடுகிறவர்களுக்கு அல்ல.

கடைசியில் டைல்ஸை மீண்டும் பெயர்த்தோம். கை மீறிய செலவுதான். இம்முறை கடைக்கு அப்பத்தாவையும் அழைத்துச் சென்றோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மாதிரி டைல்ஸைக் கீழே போடச் சொல்லி, ஒரு குவளைத் தண்ணீர் கேட்டார். குடிப்பதற்கென்று நினைத்துக் கடைப்பையன் கொண்டுவந்து நீட்டினான். அப்பத்தா அதை டைல்ஸின் மேல் ஊற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலால் தேய்த்துப் பார்த்தார். ஏழெட்டைத் தள்ளிவிட்டு, சொரசொரப்பான சாம்பல் நிறத்து டைல்ஸ் ஒன்றில் நின்றார். அதைத்தான் பதித்திருக்கிறோம். நிறம் என் தந்தைக்கு இன்னும் பிடிக்கவில்லை.