பழுதும் ஒரு பாடமே!

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

செய்முறைத் தேர்வு நாளில் நம் ஆய்வகத்துக் கணிப்பொறிகள் யாவும் நலமாக இருக்கின்றன. நலமில்லாதவை முதல் நாளே மூலையில் ஒதுக்கப்பட்டு விடுகின்றன. நிரல் எழுதுகிறோம், விடை வருகிறது, மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால், பட்டம் பெற்று வெளியே சென்றதும் நம்மில் பலரை முதலில் அழைப்பது அந்த மூலையில் கிடக்கும் கணிப்பொறியே அன்றோ? அதற்கு நம் பாடத்தில் இடமில்லை என்பதே என் குறை.

நான் பருத்திப்பட்டைச் சேர்ந்தவன். எங்கள் பகுதியினர் பலருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டைதான் சோறு போடுகிறது. அங்கே ஓர் அலுவலகத்தில் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் என் அண்ணன் சொன்ன செய்தி இது. புதிதாக வந்த கணிப்பொறி ஒன்று அலுவலகத்தின் டொமைனில் சேர மறுத்தது. கேபிள் சரி, இணையமும் வருகிறது. ஆயினும், டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்றது திரை. “விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடு” என்றார் ஒருவர். “பெட்டியையே திருப்பி அனுப்பு” என்றார் இன்னொருவர். அச்செய்தியின் கீழேயே இருந்த ‘டீடெயில்ஸ்’ பொத்தானை எவரும் அழுத்தவில்லை. அண்ணன் அழுத்தினார். எந்தப் பெயரைத் தேடியது, எந்த டி.என்.எஸ். முகவரியிடம் கேட்டது என்பதெல்லாம் அங்கேயே எழுதியிருந்தது.

2000ஆம் ஆண்டில் வந்த ஆக்டிவ் டைரக்டரி, தன் சர்வர் இருக்குமிடத்தை டி.என்.எஸ். வழியாகத்தான் அறிவிக்கிறது. இந்தக் கணிப்பொறியோ கூகுளின் 8.8.8.8 என்னும் முகவரியைக் கேட்டுக்கொண்டிருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் யார் வீடு எங்கே என்று டில்லியில் போய் விசாரித்தால் யாருக்குத் தெரியும்? டி.என்.எஸ். முகவரியை அலுவலக சர்வருக்கு மாற்றியதும் சேர்ந்துவிட்டது.

எப்போதும் இதுவே காரணம் என்றும் எண்ணிவிடலாகாது. கெர்பராஸ் என்னும் அடையாளச் சோதனை, இரு கடிகாரங்களுக்கிடையே பொதுவாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஏற்பதில்லை. மதர்போர்டில் காசு அளவே உள்ள பேட்டரி தீர்ந்தால் நேரம் பின்னே போய்விடும். வேடிக்கை என்னவென்றால், மணி சரியாகத் தெரிந்தாலும் நேர மண்டலம் அமெரிக்காவாக இருந்தால் அதுவும் தவறான நேரமே. விண்டோஸ் ‘ஹோம்’ பதிப்பாயின் தலைகீழாக நின்றாலும் டொமைனில் சேராது. சாதாரணப் பயனர் ஒருவர், அமைப்பை யாரும் மாற்றாதவரை, 10 கணிப்பொறிகளையே சேர்க்க முடியும். பதினொன்றாவது மறுக்கப்படும்.

எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் ஏராளம். ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி வந்தால், அது நம்மைத் திட்டுவதாக நினைத்து, படிக்குமுன்பே ‘ஓகே’ அழுத்தி மூடிவிடுகிறோம். வீட்டில் கணிப்பொறியைப் பிரித்துப் பார்த்து வளர்ந்தவன் நேர்முகத் தேர்வில் தப்பித்துக்கொள்வான். ஆய்வகத்தில் மட்டுமே அதைத் தொட்டவன் எங்கே போய்ப் பழகுவான்? தனியார் பயிற்சி நிலையத்துக்கா? கட்டணத்தை யார் கட்டுவது?

மாணவர்கள் கையில் விட்டால் உள்ளதும் கெட்டுவிடும் என்று ஆசிரியப் பெருமக்கள் அஞ்சலாம். நியாயமான அச்சந்தான். ஆனால், ஒரே கணிப்பொறிக்குள் இரண்டு மெய்நிகர்க் கணிப்பொறிகளை அமைக்கலாமே! விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பு இலவசம். கெட்டால் அழித்துவிட்டு, வைத்திருக்கும் நகலை மீண்டும் திறக்கலாம்.

செய்முறைத் தேர்வில் 10 மதிப்பெண்ணை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியரே ஒரு பழுதை ஒளித்து வைக்கட்டும். மாணவன் முதலில் எதைச் சந்தேகித்தான், எப்படிச் சோதித்தான், எதை விலக்கினான் என்று எழுதட்டும். மணியடிப்பதற்குள் கணிப்பொறி டொமைனில் சேராவிட்டாலும், எழுதியதற்கு மதிப்பெண் கொடுங்கள்.