ரூபாய்க்குப் 10 காசு

வீட்டு வரி ரசீதில் மொத்தத் தொகையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு மடித்து வைத்துவிடுவதுதான் நம் வழக்கம். அதில் 'நூலக வரி' என்று ஓர் இனம் இருப்பது பலர் கண்ணில் படுவதே இல்லை. தமிழ்நாட்டில் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலகங்களுக்கென்று வசூலாகிறது. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் வரி கட்டும் வீடு, நூலகத்துக்கு 200 ரூபாய் தருகிறது, ஆண்டுக்கு 400. அந்த வீட்டில் யாருமே நூலக உறுப்பினராக இல்லாமல் இருக்கலாம். தெருமுனைக் கிளை நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். பணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

தனக்கென்று ஒரு வரியையே வைத்திருக்கும் துறை எப்போதும் ஏழையாகவே தெரிவது ஏன்? கிளை நூலகங்களில் ஓதம் ஏறிய சுவர், ஓடாத மின்விசிறி, பூட்டிய கழிப்பறை. கேட்டால், 'நிதி இல்லை' என்று பழகிய பதில் வருகிறது. நிதிப் பற்றாக்குறை உண்மைதான். ஆனால், பணம் எங்கே தங்குகிறது, அதை எப்படிச் செலவிடுவது என்று யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்விகளை விட்டுவிட்டுப் பற்றாக்குறையைப் பற்றி மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பல ஆண்டுகள் வலியுறுத்திவந்த எண்ணம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது கைகூடியது. (இன்று ரங்கநாதனின் படம் மாலையோடு பல நூலகங்களில் தொங்குகிறது. அவர் நினைவாக ஆகஸ்ட் 12இல் விழாவும் உண்டு. அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதோ என்று அன்றைக்கு நினைக்கத் தோன்றும்.) தொடக்கத்தில் வரி ரூபாய்க்கு 6 பை, அதாவது அரையணா. பிறகு படிப்படியாக உயர்ந்து 10 காசில் வந்து நின்றது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி வரி விகிதத்தைவிட அதன் அமைப்பில் இருந்தது. மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு, அதில் உள்ளாட்சி மன்றங்களின் பிரதிநிதிகளுக்கும் இடம், அந்தந்த வட்டாரத்தின் வரி அந்தந்த ஆணைக்குழுவின் நிதிக்கு. எங்கே நூலகம் திறப்பது, என்ன வாங்குவது என்று உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

நடைமுறை வேறு பக்கம் போய்விட்டது. ஆணைக்குழுத் தலைவர் பதவிகள் பல மாவட்டங்களில் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்திருக்கின்றன. அப்போதெல்லாம் கல்வித் துறை அதிகாரி ஒருவர் தனி அலுவலராகக் கையெழுத்துப் போடுவார். அவருக்குப் பொதுத் தேர்வும் பள்ளி ஆய்வும் ஆசிரியர் இடமாறுதலும் போக மிச்ச நேரத்தில்தான் நூலகம். தலைவர்கள் நியமிக்கப்பட்ட காலங்களிலும் அது ஆளுங்கட்சியில் பதவி கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கான ஆறுதல் பரிசாகவே பார்க்கப்பட்டது. வாசகர்களின் குரல் இரண்டு நிலையிலும் உள்ளே வரவில்லை. வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு; கூட்டம் நடத்தலாம், பொன்னாடை போர்த்தலாம், புரவலர்களைச் சேர்த்துத் தரலாம். கணக்குக் கேட்கும் உரிமை அதற்குக் கிடையாது.

வரிப் பணத்துக்கு வருவோம். நூலக வரியை நூலகத் துறை நேரடியாக வசூலிப்பதில்லை. மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் தங்கள் வரியோடு சேர்த்து வசூலித்து, நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். இந்த 'அனுப்ப வேண்டும்' என்ற இடத்தில்தான் சிக்கல். வசூலான தொகை உள்ளாட்சியின் கணக்கில் விழுந்ததும் அது நூலகத்தின் பணம் என்ற அடையாளம் மங்கிவிடுகிறது. தண்ணீர் மோட்டார் பழுது, தெருவிளக்கு மின்கட்டணம், தூய்மைப் பணியாளர் சம்பளம் என்று அவசரங்கள் வரிசையில் நிற்கும்போது நூலகம் காத்திருக்கட்டும் என்று தோன்றுவது இயல்பு. பாக்கி சேர்கிறது. மாவட்ட நூலக அலுவலர் நினைவூட்டுக் கடிதம் எழுதுகிறார்; பதில் இல்லை; இன்னொரு கடிதம் எழுதுகிறார். மாநகராட்சி ஆணையரின் பதவி உயரத்துக்கும் நூலக அலுவலரின் உயரத்துக்கும் உள்ள இடைவெளியை அறிந்தவர்களுக்கு அந்தக் கடிதங்களின் கதி புரியும்.

2022இல் தமிழக அரசு நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தியது. சிறிய வீடுகளுக்கு 25 விழுக்காட்டில் தொடங்கி, கட்டடத்தின் அளவுக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப உயர்வு மேலே போனது. எதிர்க்கட்சிகள் போராடின, தொலைக்காட்சிகள் விவாதித்தன. சொத்து வரி உயர்ந்தால் நூலக வரியும் தானாக உயரும் என்பதை அந்தச் சந்தடியில் கிட்டத்தட்ட யாரும் பேசவில்லை. கூடுதலாக வந்தது எவ்வளவு, அதில் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று மாவட்டவாரியாக ஒரு தாள் வெளியிட்டிருந்தால் போதும். உள்ளாட்சிகளும் நூலக ஆணைக்குழுக்களும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புதான் வரி கட்டியவருக்குக் கிடைப்பதில்லை.

இந்த வரியில் இன்னொரு கோணலும் உண்டு. சொத்து வரி எங்கே அதிகமோ அங்கே நூலக நிதியும் அதிகம். சென்னையும் கோவையும் ஈட்டுவதை அரியலூரோ பெரம்பலூரோ நினைத்துப் பார்க்க முடியாது. நூலகம் மிகவும் தேவைப்படும் ஊரில்தான் நூலக வரி மிகக் குறைவாக வசூலாகும். பணக்கார மாவட்டத்தின் பாக்கியை வசூலிப்பதும், ஏழை மாவட்டத்துக்கு ஈடுகட்டுவதும் மாநிலப் பொது நூலக இயக்ககத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும். இயக்ககத்தின் தலைமையே நீண்ட காலம் பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளின் கூடுதல் பொறுப்பாக இருந்துவந்திருக்கும்போது, இதையெல்லாம் யாரிடம் எதிர்பார்ப்பது?

அரசு நூலகங்களுக்குச் செலவே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட எட்டு மாடி அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 ஜூலையில் 2 லட்சம் சதுர அடிக்கு மேல் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டும் பெருமைப்படத் தக்கவை. ஞாயிற்றுக்கிழமை மதுரை நூலகத்தின் சிறுவர் பகுதிக்குள் நுழைந்து பார்த்தால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்ற புலம்பலை நிறுத்திக்கொள்வோம். ஆனால், பெரிய கட்டடங்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. அவை ஆட்சிகளின் அடையாளமாகிவிடுகின்றன. 2011இல் ஆட்சி மாறியதும் அண்ணா நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம் தடுத்ததால் நூலகம் பிழைத்தது. அதன் பிறகும் பராமரிப்புக்காகவும் பணியிடங்களுக்காகவும் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. மாநில வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்துக் கட்டும் நூலகம் முதலமைச்சரின் விருப்பத்தோடு வளரும், விருப்பம் போனால் வாடும். வரியில் நடக்கும் கிளை நூலகத்துக்கு அப்படிப்பட்ட ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரே சீராகப் புறக்கணிக்கப்படுகிறது.

அந்தக் கிளை நூலகத்துக்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். காலையில் நாளிதழின் தாள்கள் தனித்தனியாகப் பிரிந்து நான்கு பெரியவர்களின் கைகளில் இருக்கும். அடுத்த மேசையில் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். அவர்கள் நூலகப் புத்தகம் எதையும் எடுப்பதில்லை. பையில் சொந்தக் குறிப்பேடு, ஒளிநகல் எடுத்த வினாத்தாள், தண்ணீர் பாட்டில். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறார்கள். 2022இல் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 22 லட்சம். இரண்டு அறை வீட்டில் அமைதியும் மேசையும் கிடைக்காத பிள்ளைகளுக்கு நூலகம் ஓர் இடம். குறிப்பாகப் பெண்களுக்கு, வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க ஒரு நியாயமான காரணம். அவர்களுக்குத் தேவை நாற்காலி, மின்விசிறி, சுத்தமான கழிப்பறை, இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் கதவு. நூலகத்தின் செயல்பாட்டை அளக்கும் பதிவேட்டிலோ எத்தனை நூல்கள் இரவல் போயின என்பதற்குத்தான் மதிப்பு. இந்தப் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அலமாரியிலிருந்து நூல்கள் ஏன் எழுந்து வெளியே போவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. புத்தகங்களில் பெரும்பகுதியைத் தேர்ந்தெடுப்பது சென்னை. ஒரு தலைப்பைத் தேர்வுசெய்தால் நூற்றுக்கணக்கில் படிகள் வாங்கி மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவது நெடுநாள் வழக்கம். விலையைப் பக்கக் கணக்கில், அச்சுப் பாரக் கணக்கில் நிர்ணயித்தார்கள். நூலக ஆணையை, அதாவது நூலகங்களுக்கான கொள்முதல் ஆணையை மட்டுமே நம்பி அச்சடிக்கப்பட்ட புத்தகங்கள் இதனால் பெருகின; கடையில் ஒரு படிகூட விற்காத நூல் மாநிலம் முழுக்க அலமாரிகளில் ஏறியது. நல்ல பதிப்பாளர்களும் இந்த ஆணையால்தான் பிழைத்தார்கள் என்பது மறுக்க முடியாத மறுபக்கம். நூலக ஆணை வராத ஆண்டுகளில் தமிழ்ப் பதிப்புலகம் எப்படித் தவித்தது என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அண்மையில் கொள்முதலை இணையவழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பதிப்பாளர் தன் நூலைத் தானே இணையதளத்தில் பதிவேற்றலாம். இடைத்தரகர்களின் இடம் இதனால் குறையுமானால் வரவேற்கலாம். ஆனால், தொழில்நுட்பம் இங்கே வாங்கும் முறையைத்தான் தொடுகிறது, யாருக்காக வாங்குகிறோம் என்பதைத் தொடவில்லை. நெசவாளர் ஊரில் எதைத் தேடுகிறார்கள், கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைக் கிழியக் கிழியப் படிக்கிறார்கள் என்று அறிந்த ஒரே ஆள் அங்கே இருக்கும் நூலகர். கட்டுப் பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போடுவது அவர் வேலை. எது வேண்டும் என்று கேட்டுப் பெறும் வழி அவருக்குக் குறுகலானது. போதாக்குறைக்கு, தொலைந்த புத்தகத்துக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. விலை உயர்ந்த நூல் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது என்றால், அது அவருடைய கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது.

நூலகங்களைக் கணினிமயமாக்குவது பற்றிய அறிவிப்புகளுக்கும் குறைவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் ஆயிரக்கணக்கில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அது உண்மையான சாதனை. அந்த நூல்களைத் திறந்து படிக்க ஊர்ப்புற நூலகத்தில் இணைய இணைப்பும் திரையும் வேண்டும். அதைவிட முதலில், முழுநேர ஊழியர் வேண்டும். ஊர்ப்புற நூலகங்களில் பல ஒற்றை ஆளால் நடப்பவை. பெருக்குவது, திறப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் ஒருவரே. முறையான ஊதியம் கேட்டு அவர்கள் எத்தனையோ முறை கோரிக்கை வைத்துவிட்டார்கள். வாடகைக் கட்டடத்தின் மின்கட்டணத்துக்கே இழுபறியாக இருக்கும் இடத்தில் கணினியைக் கொண்டுபோய் இறக்கினால், அது துணி போர்த்தி மூலையில்தான் இருக்கும்.

கேரளத்தின் ஏற்பாடு வேறு மாதிரி. பி.என்.பணிக்கர் 1945இல் ஒருங்கிணைத்த நூலக இயக்கம் ஊர்க்காரர்கள் நடத்திய நூலகங்களால் ஆனது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் அதை அழிக்காமல், தாலுகாவிலிருந்து மாநிலம் வரை தேர்ந்தெடுக்கப்படும் நூலகக் கவுன்சில்களாக வடிவமைத்தது. அங்கே வரி ரூபாய்க்கு 5 காசுதான், நம்முடையதில் பாதி. அதோடு, மாநிலக் கல்வி ஒதுக்கீட்டில் 1 விழுக்காட்டுக்குக் குறையாமல் நூலகக் கவுன்சிலுக்குத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்கும் கட்சி அரசியல் உண்டு, கவுன்சில் தேர்தலில் அணி பிரிந்து மோதிக்கொள்வார்கள். இருக்கட்டுமே. நூலகத்தைக் கைப்பற்ற இரண்டு அணிகள் மோதும் ஊரில் அந்த நூலகத்துக்கு ஏதோ மதிப்பிருக்கிறது என்றுதானே பொருள்?

ஊர்க்காரர்களே நூலகம் நடத்துவது தமிழ்நாட்டுக்கு அந்நியமான வழி ஒன்றும் இல்லை. 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகத்தைத் தொடங்கியவர் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். அரசாணை எதுவும் அவரை அனுப்பவில்லை. 2022இல் தொடங்கிய 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் தன்னார்வலர்கள் முதியோர்களின் வீடுகளுக்குப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். உழைப்பைத் தர ஊர்க்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். புத்தகம் சுமக்க அவர்களை அழைக்கும் துறை, ஆணைக்குழுவின் மேசையில் உட்கார மட்டும் அழைப்பதில்லை.

செய்ய வேண்டியதற்குப் புதிய வரியோ புதிய கட்டடமோ வேண்டாம். நூலக வரியை உள்ளாட்சிகளின் பொதுக் கணக்கில் கலக்கவிடாமல், வசூலாகும்போதே ஆணைக்குழுவின் கணக்குக்குப் பிரித்துவிடலாம். சொத்து வரியை இணையத்தில் கட்டும் காலத்தில் ஒரு தொகையை இரண்டு கணக்குகளுக்குப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. அலைபேசிக் கட்டணம் கட்டும் செயலிகள் நாள்தோறும் செய்வதுதான். புத்தகக் கொள்முதல் நிதியில் ஒரு பங்கை நூலகர் கையிலேயே விடலாம், உள்ளூர்ப் புத்தகக் கண்காட்சியில் வாசகர்களோடு போய் வாங்கட்டும். ஆணைக்குழுவில் வாசகர் வட்டத்துக்கும், தேர்வுக்குப் படிக்கும் அந்த இளைஞர்களுக்கும் இடம் ஒதுக்கலாம். அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் திருத்தட்டும். 1948இல் எழுதியதற்குப் பழுது பார்க்கும் வயது எப்போதோ வந்துவிட்டது. கோவைக்கும் திருச்சிக்கும் அடுத்த பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றைப் பற்றிப் பேசும்போது, அந்த இரு மாநகராட்சிகளும் தத்தம் மாவட்ட ஆணைக்குழுக்களுக்கு வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு என்று சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்கலாம்.