விலை வாங்கின பிறகும் உரிமையா?

உள்துறைமுகத்தில பாவிச்ச வள்ளம் ஒண்டு கைமாறுது எண்டு வைப்பம். அதைக் கட்டினவர் வந்து எனக்கும் பங்கு தா எண்டு கேட்டா ஊர் சிரிக்காதா? பாவிச்ச கேம் டிஸ்க் விஷயத்தில மட்டும் கம்பனிகள் இதைத்தான் கேட்கின்றன.

70 டொலர் கேம், டொலர் 300 ரூபா எண்டு பார்த்தாலே 21,000 ரூபா. விளையாடி முடிச்சதை வித்து அந்தக் காசோட அடுத்ததை வாங்கினாத்தான் எங்கட பொடியளுக்குக் கட்டும். பழசு வித்தால் கம்பனிக்கு ஒரு சதமும் வராது, உண்மைதான். ஆனால் அந்த டிஸ்க்குக்கு அவை ஏற்கனவே விலை வாங்கியாச்சு. பழசு வித்த காசும் கடைசியில புதுக் கேமுக்குத்தான் போகுது.

2013 ஜூனில் எக்ஸ்பொக்ஸ் வன்னுக்குப் பாவிச்ச கேம்களில் கட்டுப்பாடு வைக்கப்போறம் எண்டு மைக்ரோசொஃப்ட் அறிவிச்சது. வாங்கிறவை கொதிச்செழும்ப, அதே மாசம் 19ஆம் திகதி பின்வாங்கியது.

இப்ப வேற வாசலால வருகினம். டவுன்லோட் கேமைப் பொதுவா விக்க ஏலாது. நீங்கள் வாங்கினது வெறும் அனுமதிதானாம். டிஸ்க்கும் முழுக் காவல் இல்லை. 2024 மார்ச் 31இல் யூபிசொஃப்ட் 'த க்ரூ' சேர்வரை நிப்பாட்ட, டிஸ்க் வைச்சிருந்தவையும் விளையாட ஏலாமல் போச்சு.

டவுன்லோட் வசதிதான், வாங்குங்கோ. ஆனால் காசு குடுக்க முதல் ஒண்டு கேளுங்கோ: நாளைக்கு இதை நான் விக்கலாமா? ஏலாதெண்டால், முழு விலை குடுக்காதேங்கோ.